ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 1 சுழல் துப்பாக்கி

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 1 என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1857ஆம் ஆண்டு முதல் 1880களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட சிறிய சுழல் துப்பாக்கி (ரிவால்வர்) ஆகும். முழு உலோகத் தோட்டாவைப் பயன்படுத்தி வணிக வெற்றி கண்ட முதல் அமெரிக்கச் சுழல் துப்பாக்கி இதுவே. இதில் ஏழு தோட்டாக்கள் இடலாம். மூன்று வடிவங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

பின்னணி

அதுவரை இருந்த சுழல் துப்பாக்கிகளில் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டை அழுத்தி, பின்புறத்தில் சிறு தீப்பொறி மூடியைப் பொருத்த வேண்டும். இதற்கு நேரம் பிடித்தது. ஈரம் பட்டால் மருந்து கெட்டுவிடும். 1845ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரரான ஃப்ளோபேர் ஒரு சிறிய விளிம்புத் தோட்டாவை உருவாக்கினார். ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் இருவரும் அதன் கூட்டை நீட்டி, உள்ளே கருமருந்தையும் சேர்த்தனர். 4 கிரெயின் (சுமார் 0.26 கிராம்) கருமருந்தும் 29 கிரெயின் (சுமார் 1.9 கிராம்) ஈயக் குண்டும் கொண்ட அத்தோட்டாவே இன்று ‘.22 ஷார்ட்’ எனப்படுகிறது.

விளிம்புத் தோட்டாவின் செயல்முறை எளியது. எளிதில் தீப்பற்றும் கலவை, கூட்டின் அடிவிளிம்பின் உட்புறம் வளையமாகப் படிந்திருக்கும். சுத்தியல் விளிம்பை நசுக்கும்போது கலவை பற்றி, கருமருந்தை எரியவைக்கும். விளிம்பு நசுங்க வேண்டுமானால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடோ அதிக அழுத்தத்தைத் தாங்காது. பெரிய துப்பாக்கிகள் பின்னர் மையத் தீத் தோட்டாவுக்கு மாறியதன் காரணம் இதுவே.

காப்புரிமையும் வழக்குகளும்

தோட்டாவைப் பின்புறமாக இடுவதற்கு, உருளையின் அறைகள் முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். அந்த அமைப்புக்கு ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரல் 3 அன்று காப்புரிமை பெற்றிருந்தார். 1856 நவம்பரில் ஸ்மித், வெஸ்ஸன் இருவரும் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் உரிமைத் தொகை வைட்டுக்குக் கிடைக்கும். ஆனால், காப்புரிமையை மீறுவோர்மீது வழக்குத் தொடரும் பொறுப்பும் செலவும் அவருடையவை. கோல்ட்டின் சுழல் துப்பாக்கிக் காப்புரிமை 1857இல் முடிவடைந்ததும் மாடல் 1 சந்தைக்கு வந்தது.

1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தேவை பெருகியது. பல நிறுவனங்கள் அனுமதியின்றி இவ்வமைப்பைப் பயன்படுத்தின. வைட் தொடுத்த வழக்கில் 1863இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வருக்கு நால்வர் எனச் சரிபாதியாகப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது. எனினும் வழக்குச் செலவுகள் வைட்டின் வருவாயைக் கரைத்தன. 1869இல் காப்புரிமை முடிந்தது. அதை நீட்டிக்க வழிசெய்யும் சட்டவரைவை நாடாளுமன்றம் ஏற்றும், 1870 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கிராண்ட் அதைத் தடுத்துவிட்டார். கண்டுபிடிப்பு ஒருவருடையது, பெரும் இலாபம் மற்றவருடையது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அடையாளம் காணுதல்

எந்தப் பழைய துப்பாக்கியையும் முதலில் தோட்டா உள்ளதாகவே கருத வேண்டும். மாடல் 1இல் சட்டத்தின் கீழ்முனையில் உள்ள தாழை விடுவித்தால் குழல் மேல்நோக்கி மடங்கும். உருளையைத் தனியே எடுத்து அறைகளைப் பார்க்கலாம். சுட்ட கூடுகளை வெளியே தள்ளக் குழலின் கீழ் ஒரு கம்பி உண்டு. விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இராது.

முதல் வடிவம் (1857–1860) ஏறத்தாழ 11,670 மட்டுமே செய்யப்பட்டதால் அரியது. இதன் பித்தளைச் சட்டத்தின் பக்கங்கள் சற்றுப் புடைத்திருக்கும். பக்க மூடி வட்டமானது. இரண்டாம் வடிவத்தின் (1860–1868) பக்கங்கள் தட்டையானவை. பக்க மூடி பெரியது, வட்டமற்றது. இவ்விரண்டிலும் குழல் எண்கோண வடிவிலும் உருளை வரிப்பள்ளம் இன்றியும் இருக்கும். மூன்றாம் வடிவத்தில் (1868 முதல்) குழல் உருண்டை, உருளையில் வரிப்பள்ளங்கள் உண்டு, கைப்பிடியின் அடி வளைந்திருக்கும், சட்டம் இரும்பாலானது. இதன் தொடர் எண்கள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியதால், எண்ணை மட்டும் வைத்து ஆண்டைக் கணிப்பது தவறாகும்.

துப்பாக்கியில் பொறித்துள்ள ‘1855 ஏப்ரல் 3’ என்பதைத் தயாரிப்புத் தேதியாகக் கொள்வதும் பலர் செய்யும் பிழை. அது வைட்டின் காப்புரிமைத் தேதி. வழக்கில் தோற்ற வேறு நிறுவனங்களின் துப்பாக்கிகள் சிலவற்றிலும் ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகச் செய்யப்பட்டது’ என்ற வாசகத்துடன் அதே தேதி காணப்படும்.

சுடுவதில் உள்ள ஆபத்து

இன்றும் கடைகளில் விற்கப்படும் .22 ஷார்ட் தோட்டா இத்துப்பாக்கியின் அறையில் பொருந்தக்கூடும். ஆபத்து இங்கேதான் உள்ளது. இக்காலத் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதன் அழுத்தம் கருமருந்துக்காகச் செய்யப்பட்ட பழைய உலோகத்துக்கு ஒவ்வாதது. உருளை பிளக்கலாம், கீலும் தாழும் தளரலாம். அறையும் குழலும் நேர்கோட்டில் நில்லாவிட்டால் ஈயத் துகள்கள் பக்கவாட்டில் சிதறும். செம்புக் கூடுகள் பின்புறம் புடைத்து உருளையைச் சுழலவிடாமல் தடுப்பது அக்காலத்திலேயே இருந்த குறை. அதைச் சமாளிக்கவே முதல் வடிவத்தில் உருளையின் பின்னால் சுழலும் தகடு ஒன்று வைக்கப்பட்டது.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இத்தகைய துப்பாக்கியைச் சுட விரும்புவோர், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் சோதித்த பின்னரே, கருமருந்துத் தோட்டாவை மட்டும் பயன்படுத்துவர். சுட்டதும் கருமருந்தின் கசடைக் கழுவித் துடைக்காவிட்டால் துரு ஏறிவிடும். குறிப்பாக, முதல் வடிவத்தில் எஞ்சியவை சிலவே. ஒருமுறை வெடித்துச் சிதைந்தால் அந்தச் சான்று மீளாது. ஆகவே, பொறிப்புகளைப் படித்துப் பதிவுசெய்து பாதுகாப்பதே இதற்கு ஏற்ற பயன்பாடாகும்.