25 சென்ட் ஒப்பந்தம்

உழைத்தவர் ஒருவர், பலன் கண்டவர் வேறொருவர் என்ற கதை உலகத்திற்குப் புதிதல்ல. சட்டைப்பையில் அடங்கும் ஒரு பழைய ரிவால்வருக்குள்ளும் அப்படியொரு கதை அடங்கியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர் சாமுவேல் கோல்ட். ஆனால், அவருடைய ரிவால்வரில் குண்டு நிரப்புவது எளிதல்ல. சுழல் உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி இறக்கி, பின்பக்கம் சிறு வெடிமூடி ஒன்றைப் பொருத்த வேண்டும்.

கோல்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ரோலின் ஒயிட். அறையை முனைக்கு முனை துளைத்துவிட்டால் பின்பக்கமாகவே தோட்டாவைப் போடலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. 1855 ஏப்ரல் 3ஆம் நாள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அதன் அருமையை உணர்ந்தவர்கள் ஹோரஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும். 1856இல் ஒயிட்டுடன் ஒப்பந்தம் செய்தனர். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் அவருக்கு உரிமத்தொகை. ஆனால், காப்புரிமையை யாராவது மீறினால் வழக்காடும் பொறுப்பும் செலவும் ஒயிட்டின் தலையில்!

கோல்டின் காப்புரிமை 1857இல் முடிந்ததும், ஏழு தோட்டாக்கள் கொள்ளும் 'மாடல் 1' ரிவால்வர் வெளிவந்தது. .22 அளவுத் தோட்டாவுக்கு வலு குறைவுதான். என்றாலும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வீரர்கள் பலர் சொந்தக் காசில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டனர். 1882 வரை இரண்டரை லட்சத்திற்கும் மேல் தயாரானது.

நிறுவனம் வளர்ந்தது. ஒயிட்டோ நீதிமன்றப் படியேறினார். வந்த பணத்தை வழக்குகள் விழுங்கின. 1869இல் காப்புரிமை காலாவதியானது. அதை நீட்டிக்க வழிசெய்யும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியும், 1870 ஜனவரியில் அதிபர் கிராண்ட் அதைத் தமது தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார். போர்க்காலத்தில் இந்தக் காப்புரிமை அரசுக்கு இடையூறாக இருந்தது என்பது ராணுவத் தளவாடத் துறையின் வாதம். அதே போரில் படை நடத்தி வென்றவர் கிராண்ட் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தடை நீங்கியதும் மற்ற நிறுவனங்களும் அதே முறையைக் கையாண்டன. கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற 1873 ரிவால்வரும் பின்பக்கமாகத் தோட்டா போடும் வகைதான்.

இன்று 'மாடல் 1' சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. 1898 வரை தயாரானவற்றை அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் தொன்மைப் பொருளாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம். வெள்ளிப்பூச்சு தேய்ந்திருக்கிறதா, எத்தனையாவது எண் என்றெல்லாம் ஆராய்பவர்கள், உருளையைத் திருப்பி அதில் பொறித்த எழுத்தையும் படிப்பார்கள்.

'காப்புரிமை, ஏப்ரல் 3, 1855' என்று இருக்கும். அது ஒயிட்டின் நாள். துப்பாக்கிக்கு நிலைத்த பெயரோ ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்!