பாதத்தைப் பிணைக்கும் மிதிகளின் கதை

பாரிஸ் புறநகரொன்றில் வசிக்கும் என் தங்கையின் மகன் கடந்த மாதம் தொலைபேசியில் அழைத்தான். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னான்.

"விழுந்திட்டன் மாமா. ஓடேக்கை இல்லை, நிக்கேக்கை."

நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் துவிச்சக்கரவண்டி ஓட்டத்தில் ஆர்வம் கொண்டு நல்லதொரு வண்டியை வாங்கியிருக்கிறான். சப்பாத்தோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் மிதிகளையும், கூட ஓடும் நண்பர் ஒருவரின் சொற்கேட்டுப் பொருத்தியிருக்கிறான். முதல் நாள், முதலாவது சமிக்ஞை விளக்கு. வண்டி நின்றுவிட்டது, கால் மிதியைவிட்டு வரவில்லை. வீதியோரத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வெட்டிய வாழைபோல் வண்டியோடு சரிந்திருக்கிறான். இந்த மிதிகளைக் கழற்றி எறிந்துவிடுவதா, அல்லது வேறு வகையைத் தேர்ந்தெடுப்பதா என்பதே அவனது கேள்வி.

பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்த ஒருவரிடம் கேட்கத்தக்க கேள்வி இதுவல்ல. ஆயினும் எதைக் கேட்டாலும் அதன் பூர்வீகத்தைத் தேடிப் புறப்படுவது அந்தத் தொழில் எனக்குத் தந்துவிட்டுப்போன நோய். அவனுக்குச் சொன்னவற்றைச் சற்று விரித்து வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காலை வண்டியோடு கட்டிக்கொண்டு ஓடுவது என்பது எங்கள் தலைமுறையினரின் கற்பனைக்கே எட்டாதது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் மிதித்தவை இறப்பர் கட்டைகள் பொருத்திய மிதிகள். இறப்பர் தேய்ந்து விழுந்த பின்னர் எஞ்சியிருக்கும் இரும்பு அச்சை வெறுங்காலால் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர்கள் பலர். 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் குடாநாட்டின் லொறியும் அம்புலன்ஸும் துவிச்சக்கரவண்டிதான். காவலரணைக் கண்டதும் இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். இறங்கத் தாமதிப்பது நல்லதல்ல. அவ்வாறு பழகியவர்களுக்கு, கால் எந்தக் கணத்திலும் நிலத்தைத் தொடத் தயாராக இருக்கவேண்டும் என்பது எலும்பில் ஊறிய பாடம்.

பந்தய உலகின் பாடமோ வேறு. வேகமாகச் சுழலும் மிதியிலிருந்து பாதம் வழுக்கினால் வெற்றி பறிபோகும். சிலவேளை உயிரும் போகும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதத்தை மிதியில் நிறுத்திவைக்கும் வழிகளைத் தேடத் தொடங்கிவிட்டனர். விரல்களை உள்வாங்கும் உலோகக் கூடு ஒன்றை மிதியின் முன்புறத்தில் பொருத்தி, அதன்மேல் தோல் வாரை இழுத்துக் கட்டும் முறை நிலைத்தது. அந்தக் கூட்டுக்கு ஆங்கிலத்தில் கிளிப் என்று பெயர். இன்று பாதத்தை 'கிளிக்' என்ற ஒலியோடு பூட்டும் மிதிக்கு 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது, என்று பெயர் வந்ததும் இதனாற்றான். பழைய கூடு போய்விட்டது என்பதே அச்சொல்லின் பொருள். புதிதாக வருபவர்களைக் கடையிலேயே குழப்பிவிடும் பெயர் இது.

கூடும் வாரும் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்சி செய்தன. பந்தய வீரர்களின் சப்பாத்து மெல்லிய தோலடி கொண்டது. புதிய சப்பாத்தை அணிந்து சில நாட்கள் வெறுமனே ஓடுவார்கள். மிதியின் தகடு தோலில் ஒரு கோட்டைப் பதித்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்து, பள்ளம் வெட்டிய சிறு துண்டொன்றை அடியில் ஆணியடித்துப் பொருத்துவார்கள். கிளீட் என்னும் அத்துண்டின் பள்ளம் மிதியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். மேலே வார் இறுகும். அதன் பின்னர் காலை எடுப்பதாயின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து கையால் வாரைத் தளர்த்தவேண்டும். விபத்து நேர்ந்தால் குனிவதற்கு அவகாசம் ஏது? வீரனும் வண்டியும் ஒன்றாகவே வீழ்ந்தனர்.

இதற்கு மாற்று தோன்றாமல் இல்லை. 1895ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹான்சன் என்பவர், பாதத்தைத் திருப்பிப் பூட்டவும் திறக்கவும் கூடிய மிதியொன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது சந்தையில் வேரூன்றவில்லை. பின்னர் இத்தாலியில் சினோ சினெல்லி முயன்றார். 1943இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்ற வீரர் அவர். ஓய்வுபெற்றபின் துவிச்சக்கரவண்டி உற்பத்தியில் பெயர் பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட எம்-71 மிதியில் கூடும் இல்லை, வாரும் இல்லை. சப்பாத்தின் அடியிலிருந்த கிளீட், மிதியின் பள்ளத்தினுள் வழுகிச் சென்று பூட்டிக்கொள்ளும். ஆனால் திறப்பதற்கு மறுபடியும் கையைக் கீழே கொண்டுபோய் ஒரு நெம்பை அசைக்கவேண்டும். ஓட்டக்காரர்கள் அதற்கு மரண மிதி என்று பட்டப்பெயர் சூட்டினர். பிடிப்பதில் சினெல்லி வென்றார், விடுவதில் தோற்றார்.

விடுவிக்கும் வித்தையைக் கண்டறிந்தவர்கள் துவிச்சக்கரவண்டிக்காரர்கள் அல்லர், பனிச்சறுக்குக்காரர்கள். பிரான்ஸில் லுவார் நதிக்கரையில் அமைந்துள்ள நெவேர் நகரில் ஜோன் பேய்ல் என்பவர் 1951இல் நிறுவிய லுக் நிறுவனம், பனிச்சறுக்குப் பலகையில் சப்பாத்தைப் பிணைக்கும் கருவிகளைச் செய்துவந்தது. சறுக்குபவன் விழும்போது பலகை காலைவிட்டு அகலாவிட்டால், நீண்ட பலகை நெம்புகோலாக மாறிக் காலை முறித்துவிடும். எனவே நேரான இழுவைக்கு இறுகப் பிடித்திருக்கவும், ஓர் எல்லைக்கு மேற்பட்ட முறுக்கம் ஏற்பட்டதும் தானாக விட்டுவிடவும் அக்கருவி வடிவமைக்கப்பட்டது. எவ்வளவு முறுக்கத்துக்கு விடவேண்டும் என்பதைச் சுருள்வில்லின் இறுக்கம் தீர்மானிக்கும். இதே தத்துவத்தை 1984இல் லுக் மிதிக்கு மாற்றியது. பாதத்தை முன்னோக்கி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் திறந்துகொள்ளும். கைக்கு வேலையில்லை.

நல்ல கண்டுபிடிப்பு தானாகப் பரவிவிடுவதில்லை. லுக் நிறுவனத்தை 1983இல் வாங்கியவர் பேர்னார் தப்பி. பின்னாளில் அமைச்சராகி, காற்பந்தாட்ட ஊழல் வழக்கொன்றில் சிறையும் சென்று, 2021இல் மறைந்த அதே தப்பிதான். அவர் 1984இல் லா வி கிளேர் என்ற பந்தய அணியை உருவாக்கி பேர்னார் இனோவைத் தலைவராக்கினார். முழங்கால் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகி, இனிமேல் எழமாட்டார் என்று பலரும் பேசிக்கொண்டிருந்த வேளை அது. 1984 ரூர் டி பிரான்ஸில் லோரோன் பிஞோனிடம் பத்து நிமிடங்களுக்கும் கூடுதலாகப் பின்தங்கி இரண்டாம் இடத்தையே பெற்றார். 1985இல், சென் எத்தியேன் நகரில் வீழ்ந்து மூக்கு உடைந்த பின்னரும் ஐந்தாவது தடவையாக வென்றார். அவரது சப்பாத்தின் அடியில் லுக் கிளீட்டுகள் இருந்தன. அதற்கு மேலும் விளம்பரம் வேண்டுமா? ஆயினும் அயர்லாந்து வீரர் ஷோன் கெலி போன்ற மூத்தவர்கள் 1990களின் தொடக்கம்வரை வாரைக் கைவிடவில்லை. பழகிய கட்டு பாதுகாப்பாகத் தோன்றுவது இயல்புதானே.

புதிய மிதிக்கு ஒரு குறையும் இருந்தது. பாதம் அசையாமல் நிற்கும்போது, இயற்கையாகவே சற்று உள்ளேயோ வெளியேயோ திரும்ப விரும்பும் முழங்கால் நொந்துவிடும். ஆகவே பூட்டிய நிலையிலும் குதிகால் சில பாகை அசையக்கூடிய கிளீட்டுகள் வந்தன. லுக் நிறுவனத்தின் இன்றைய வீதிப் பந்தயக் கிளீட்டுகளில் கறுப்பு நிறம் அசையாதது. சாம்பல் நிறம் 4.5 பாகையும் சிவப்பு 9 பாகையும் இடம் தருவன. ஷிமானோவில் சிவப்பு அசையாதது, நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை. ஒரு நிறுவனத்தின் சிவப்புக்கும் மற்றதன் சிவப்புக்கும் பொருள் நேரெதிர் என்பதைக் கடைக்குச் செல்பவர்கள் நினைவிற்கொள்ளவேண்டும்.

எனது மருமகனுக்குப் பொருத்தமான மிதியோ பந்தயத்திலிருந்து வரவில்லை. யப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் மலைப்பாதை ஓட்டக்காரருக்காக வெளியிட்ட எஸ்.பி.டி. மிதி அது. சேற்றுப் பாதையில் அடிக்கடி இறங்கி நடக்கவேண்டிய அவர்களுக்கு, மூன்று மரையாணிகளால் பொருத்தப்படும் அகன்ற பிளாஸ்டிக் கிளீட் உதவாது. அதை அணிந்து நடப்பவர் ஈரத் தரையில் வாத்துப்போல் தடுமாறுவார். எஸ்.பி.டி. கிளீட் இரண்டு மரையாணிகளோடு கூடிய சிறிய உலோகத் துண்டு. சப்பாத்தின் இறப்பர் அடிக்குள்ளே பதிந்து மறைந்திருப்பதால் சாதாரணமாக நடக்கலாம்; கடைக்குப் போகலாம்; பாரிஸின் சுரங்க ரயிற் படிகளிலும் இறங்கலாம்.

அவன் வாங்கியிருந்தது மூன்று ஆணிப் பந்தய வகை. மிதியின் இறுக்கத்தையும் கடையில் இருந்தபடியே விட்டிருக்கிறான். மேல்நோக்கி இழுத்து மிதித்தால் பலம் கூடும் என்று நண்பர் சொன்னாராம். இது நெடுநாளைய நம்பிக்கை. 2007, 2008ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், வேண்டுமென்றே மேலிழுத்து மிதிப்பவர் அதே வேலைக்குக் கூடுதல் சக்தியைச் செலவிடுகிறார் என்றே காட்டின. பாதம் சரியான இடத்தில் வழுக்காமல் நிற்பதுதான் கிளிப்லெஸ் மிதியின் உண்மையான பயன். அதற்கு இரும்புப் பிடி தேவையில்லை.

ஆகவே நான் அவனுக்குச் சொன்னது இதுதான். எஸ்.பி.டி. மிதியில் ஒருபக்கம் பூட்டும், மறுபக்கம் தட்டையாக இருக்கும் வகையொன்று உண்டு. நெரிசலில் தட்டைப் பக்கத்தை மிதிக்கலாம். கிளீட்டில் எஸ்.எச். 51 பக்கவாட்டுத் திருப்பலுக்கு மட்டுமே திறக்கும், எஸ்.எச். 56 பல திசைகளிலும் இழுத்தால் திறக்கும். தொடங்குபவருக்குப் பின்னையதே உகந்தது. இறுக்க ஆணியை ஆகக் குறைந்த நிலைக்குத் தளர்த்தவேண்டும். சப்பாத்தை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அணிந்து பார்த்து வாங்கவேண்டும். கிளீட் பெருவிரலின் அடிமூட்டுக்கு நேராகவோ சற்றுப் பின்னாகவோ இருக்கட்டும். இடது மிதியின் மரை எதிர்த்திசையில் சுழல்வது. அதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் திருகி மிதித்தண்டைப் பாழாக்கியவர்கள் உண்டு. கடைசியாக, நிற்பதற்கு முன்னரே காலைக் கழற்றிவிடவேண்டும். நின்றபிறகு கழற்றலாம் என்று நினைப்பவன்தான் விழுகிறான்.

சென்ற ஞாயிறு மீண்டும் அழைத்தான். கட்டு அவிழ்த்தாயிற்றாம். வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவின் புற்றரையில், மதிலைப் பிடித்துக்கொண்டு, இடக்காலைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக அரைமணி நேரம் பழகியிருக்கிறான். நாய்களோடு உலாவ வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்களாம். மணிக்கட்டு முறிந்த செய்தி இன்றுவரை அவனது தாய்க்குத் தெரியாது. என் தங்கை இணையம் பார்ப்பதில்லை என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.