தீபாவளிச் சேலையும் பதுளைக் கடைவீதியும்

பண்டிகைக் காலம் நெருங்கினால் ஒரு வேண்டுகோள் தவறாமல் காதில் விழுகிறது. பெரிய அங்காடிகளைத் தவிருங்கள், அகல்விளக்கை மண்பாண்டத் தொழிலாளியிடம் வாங்குங்கள், துணியை நெசவாளரிடம் வாங்குங்கள் என்பதே அது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் இதற்கென்றே ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, சிறு கடைகளில் பொருள் வாங்கும் நாளாக விளம்பரப்படுத்தியது. கடனட்டை நிறுவனம் ஒன்றுக்குச் சிறு கடைகளின் மேல் அத்தனை பரிவு ஏன் வந்தது என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். வேண்டுகோள் நல்லதே. ஆனால் வாங்குபவரின் கையில் காசு இருக்கிறது, அவர் விரும்பிய கடைக்கு நடந்து போகலாம் என்ற இரண்டு எண்ணங்களின் மேல் அது நிற்கிறது. இலங்கையின் ஊவா மாகாணத் தோட்டங்களில் அந்த இரண்டுமே ஒரு நூற்றாண்டுக் காலம் இல்லாதிருந்தன.

திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களுக்குச் சம்பளம் மாதாமாதம் கையில் கிடைக்கவில்லை. பல மாதச் சம்பளம் நிலுவையில் கிடப்பது சாதாரணம். 1889ஆம் ஆண்டின் சட்டம் மாதச் சம்பளத்தை, மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்றது. அதுவே அன்றைக்கு ஒரு முன்னேற்றமாகக் கருதப்பட்டது என்றால் முந்தைய நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இடைப்பட்ட நாட்களுக்கு என்ன வழி? அரிசியைத் தோட்ட நிர்வாகமே கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொண்டது. மலைக்குளிருக்கு வேண்டிய கம்பளியையும் அதுவே கொடுத்து அதையும் கணக்கில் எழுதியது. மற்றவற்றுக்குக் கங்காணி இருந்தார். ஊரிலிருந்து அழைத்து வந்த வழிச்செலவு அவருடைய ஏட்டில் முதற்கடன். கல்யாணம், சாவு, திருவிழா, தீபாவளி எல்லாம் அதன்மேல் ஏறின. பல தோட்டங்களில் கடையும் அவருடையதாகவோ அவருக்கு வேண்டியவருடையதாகவோ இருந்தது. விலையும் எடையும் கடைக்காரர் சொல்வதே. பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி வேண்டுமென்றால் யாரிடம் வாங்குவது என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை.

இந்தக் கட்டை இறுக்கியது ‘துண்டு’ முறை. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவ்வளவு பணம் செலுத்தினால் இவரை விடுவிப்பேன் என்று துரை ஒரு சீட்டில் எழுதித் தருவார். புதிய தோட்டம் அந்தத் தொகையைச் செலுத்தும். கடன் தீராது, புதிய தோட்டத்தின் கணக்குக்கு மாறும், அவ்வளவே. பண்டிகைக்கு எடுத்த துணியின் விலையும் அந்தச் சீட்டின் கூட்டுத்தொகைக்குள் ஒளிந்திருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதே காலத்தில் ஹப்புத்தளையில் ஒரு மளிகைக்கடைக்காரர் தோட்டங்கள் வாங்கினார் என்பதைச் சொல்லாமல் போக முடியாது. கிளாஸ்கோ நகரில் 1871இல் கடை திறந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர்களை நீக்கி, தோட்டத்திலிருந்து நேரே வாடிக்கையாளரிடம் தேயிலையைக் கொண்டுசேர்ப்பதே அவருடைய வியாபாரத் தந்திரம். பிரித்தானியத் தொழிலாளிக்கு மலிவான தேநீர் கிடைத்தது. கொழுந்து பறித்த தொழிலாளிக்கும் அவருடைய அரிசிக்கும் நடுவே நின்ற தரகர்களை நீக்க எவரும் முன்வரவில்லை.

மாற்றம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று சட்டம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குப் பின் கூலி வரையறுக்கப்பட்டது, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் வரம்பு வந்தது. அடுத்த மாதம் 10ஆம் தேதி சம்பள நாள் என்ற வழக்கம் மலையகத்தில் நிலைபெற்றது. மற்றொன்று ரயில். ஹப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்த பாதை, பதுளையை எட்ட 1924 வரை ஆயிற்று. தெமோதரையில் தன்னையே சுற்றிவரும் வளையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் இன்று உல்லாசப் பயணிகள் படமெடுக்கிறார்கள். அந்த இருப்புப்பாதையின் கடைசி நிலையமாக ஆனதால்தான் பதுளை, பசறை, நமுனுகுலை, மடூல்சீமை, லுணுகலைத் தோட்டங்களுக்கெல்லாம் சந்தையாக வளர்ந்தது.

கடைவீதியில் இந்திய வம்சாவளித் தமிழர், முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், சிங்களவர் என்று பலரும் கடை வைத்தனர். துணிக்கடைகளில் தொங்கிய சேலைகளும் கைலிகளும் பெரும்பாலும் அக்கரையிலிருந்து வந்தவை. சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர்களின் வண்ணத்துணிகளுக்கு இலங்கை முக்கியமான சந்தைகளுள் ஒன்றாக இருந்தது. வேலைக்கு வந்த மக்களும் அவர்கள் உடுத்திய துணியும் ஒரே மாவட்டங்களிலிருந்து கடல் கடந்தன. தறியில் இருந்தவருக்கும் தேயிலைச் சரிவில் நின்றவருக்கும் நடுவே அறிமுகம் இல்லை, ஆயினும் ஒருவர் வயிறு மற்றவர் தீபாவளியை நம்பியிருந்தது.

நகருக்கு வர இயலாதவர்களைத் தேடிப் பொட்டணி வியாபாரிகள் லயங்களுக்கே நடந்து சென்றனர். துணிமூட்டையை வாசலில் அவிழ்த்து, பாதிக் காசு இன்று, மீதி சம்பள நாளில் என்பதே பேரம். இவர்களும் கடன்தான் கொடுத்தார்கள், வட்டியை விலையில் சேர்த்தார்கள். இவர்களை வள்ளல்களாக்க நான் முயலவில்லை. ஆனால் இந்தக் கடனில் துண்டு இல்லை. ஒரு வியாபாரியைப் பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். வாங்குபவரின் மொழியில் பேச வேண்டிய அவசியம் விற்பவருக்கு இருந்தது. உரிமை என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத ஓர் உரிமை இவ்வாறு கடைவீதியில் பிறந்தது.

1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கப்பட்டபோது இந்தியத் துணி அரிதாயிற்று. பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் நெடுஞ்சாலை முடியும் கிழக்குக் கரையில், மருதமுனைக் கைத்தறிக்கு அந்த ஆண்டுகளே பொற்காலமாயின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுத் துணியோடு போட்டியிட முடியாமல் அங்கே தறிகள் பல ஓய்ந்தன. நெசவாளர் வாழ்ந்த அதே மூடிய பொருளாதாரத்தில், 1973-74இல், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளூர்க் கைவினையைக் காப்பது பற்றி எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

பிறகு 1983 ஜூலை. கொழும்பில் தொடங்கிய வன்முறை மூன்று நாட்களாகப் பதுளையை எட்டவில்லை. 27ஆம் தேதி காலை பத்தரை மணியளவில் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே ஒரு மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலில் ஒழுங்கமைக்கப்பட்ட ஒரு கும்பல் கடைவீதியில் புகுந்து தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தது. அடுத்து வீடுகள். அதன்பின் கைப்பற்றிய வாகனங்களில் ஏறிப் பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை என்று சென்றார்கள். இரவுக்குள் லுணுகலையும் எரிந்தது.

எரிந்த கட்டடங்களை எண்ணலாம். கடையோடு எரிந்த பற்றுக் கொப்பிகளை எவர் எண்ணுவார்? சரக்குக்குக் காப்புறுதி இருந்திருக்கலாம். எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் யாருக்கு எவ்வளவு பொறுக்கலாம் என்று ஒரு கடைக்காரர் இருபது வருடங்களில் தெரிந்துகொண்டதற்குக் காப்புறுதி இல்லை. பலர் இந்தியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போயினர். திரும்பி வந்து அதே இடத்தில் கடையை எழுப்பியவர்களும் இருக்கிறார்கள். சிறு வியாபாரிக்கு ஆதரவு என்ற சொல்லுக்குப் பதுளையில் இந்தப் பொருளும் உண்டு.

இன்று நிலைமை வேறு. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. இடையில் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் விலைகள் ஏறிய வேகத்தை நினைத்தால் இந்த உயர்வைக் கொண்டாட மனம் வராது. பண்டிகைக்குத் தோட்டம் தருவது ‘தீபாவளி முற்பணம்’. பெயரே சொல்வதுபோல் அது பரிசன்று. மாதச் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகத் திரும்பக் கழிக்கப்படும் பணம். ஆனாலும் அது காசாகக் கையில் வருகிறது என்பதில் ஒரு நூற்றாண்டின் தூரம் இருக்கிறது.

அது எந்த நாளில் வருகிறது என்பதில்தான் சிறு வியாபாரியின் பிழைப்பு. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முந்தைய சம்பள நாள் மூன்று வாரம் முன்னதாகவே கழிந்துவிட்டது. இப்படி அமையும் ஆண்டுகளில் வியாபாரம் முழுதும் முற்பணத்தையே நம்பி நிற்கிறது. முற்பணம் தாமதமானால், கையிருப்பு உள்ள பெரிய கடையும் தவணை நிறுவனமும் காத்திருக்கும். நடைபாதையில் சட்டை விற்பவரும், இரவல் முதலில் சரக்கெடுத்தவரும், கடைசி நாளில் குவியும் இரவிக்கைத் துணிகளைத் தைத்து முடிக்க வேண்டிய தையற்காரரும் காத்திருக்க முடியாது. முற்பணத்தை முன்கூட்டியே தரவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் கேட்பதில் இவர்களுடைய வழக்கும் அடங்கியிருக்கிறது, அவர்கள் அதை எண்ணிக் கேட்காவிட்டாலும்.

தோட்டத்துக்குள்ளேயே இருந்த கைவினை ஒன்று அதிகம் பேசப்படாமல் மறைந்து வருகிறது. கொழுந்துக் கூடை மூங்கிலிலும் பிரம்பிலும் முடையப்பட்டது. இப்போது முதுகில் தொங்குவது பெரும்பாலும் செயற்கை நூலிழைச் சாக்கு. அது இலேசானது, மழையில் கனக்காது. சுமப்பவர் அதை விரும்பினால் குறைசொல்ல நாம் யார்? கூடை மட்டும் சுற்றுலாக் கடைகளில் அலங்காரப் பொருளாக மாறி நிற்கிறது.

வெளிநாட்டுத் தமிழர்கள் பண்டிகைக்கும் புத்தாண்டுக்கும் நண்பர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளில் இலங்கைத் தேயிலைப் பெட்டியும் ஒன்று. கொழும்பில் 1883 முதல் நடக்கும் ஏலத்தில் விற்று, பல தோட்டத் தூளோடு கலந்து, பெட்டியில் அடைபடும்போது, ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று ஊவாக் கொழுந்துக்கு ஏற்றும் தனிமணம் கலவையில் கரைந்துவிடுகிறது. விலை கூடினாலும் அதில் ஒரு பங்கு பறித்தவருக்குப் போகும் என்று சொல்ல வழியில்லை. இதற்கு மாறாகச் சில சிறு முயற்சிகள் ஊவாவில் நடக்கின்றன. எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் அருகே அம்பதண்டேகம பள்ளத்தாக்கில் இயங்கும் அம்பா தோட்டம் தேயிலையைக் கையால் உருட்டிச் செய்கிறது. வருவாயில் பத்தில் ஒரு பங்கை அங்கே வேலை செய்வோருக்குப் பகிர்கிறது. அளவில் மிகச் சிறியது, விலையும் அதிகம். மலையகத்தின் பெருந்தோட்டங்களுக்கு அது மாற்றாகிவிடும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அந்தப் பொதியில் தேயிலை எங்கே விளைந்தது என்று எழுதியிருக்கும். அடுத்த முறை கடையில் தேயிலைப் பெட்டியை எடுக்கும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தோட்டத்தின் பெயர் இருக்காது.