விவிலியக் கொடிவழியில் தந்தை

விவிலியத்தைப் படிக்கப் புகுவோர் பலர், பெயர்ப் பட்டியல் வரும் பக்கங்களை விரைந்து தள்ளிவிடுவர். 'இன்னார் இன்னாரைப் பெற்றார்' என நீளும் பகுதியில் சுவை யாதுளது என்பது அவர்தம் எண்ணம். ஆயினும், பண்டை எபிரேயர் தந்தைமை என எதனைக் கருதினர் என்பதை அப்பட்டியல்களே தெளிவாக உரைக்கின்றன.

எபிரேய மொழியில் தந்தையைக் குறிக்கும் சொல்லே பாட்டனையும் மூதாதையையும் குறிக்கும். ஊருக்கு முதல்வனும் கலைக்கு முதல்வனும் அச்சொல்லாலேயே வழங்கப்பெற்றனர். நாளாகமத்தின் எபிரேய மூலம் சல்மா என்பானைப் பெத்லெகேம் ஊரின் தந்தை என்கிறது. ஆதியாகமம் யூபாலை யாழ் மீட்டுவோர்க்கெல்லாம் தந்தை என்கிறது.

இம்மரபையொட்டியே, கிரேக்க மொழியில் எழுதிய மத்தேயுவும் யோராம் உசியாவைப் பெற்றான் என்கிறார். உண்மையில் உசியா யோராமின் எள்ளுப் பேரன். இடையிலுள்ள அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் அரசர் மூவரும் பட்டியலில் இல்லை. ஆபிரகாம் முதல் இயேசு வரை 14 தலைமுறைகளாக மூன்று தொகுதி அமைப்பதே ஆசிரியர் கருத்து. எனவே ஈண்டுப் 'பெற்றான்' என்பதற்கு 'இவன் வழியில் அவன் தோன்றினான்' என்பதே பொருளாகும்.

இனி, யோசேப்பின் தந்தை யார்? மத்தேயு யாக்கோபு என்பார். லூக்கா ஏலி என்பார். கி.பி. 3-ஆம் நூற்றாண்டினரான யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் இம்முரணுக்கு விடை ஒன்று கூறினார். மகனின்றி இறந்தவன் மனைவியை அவன் உடன்பிறந்தான் மணந்து, பிறக்கும் தலைமகனை இறந்தவன் பெயரில் நிலைநிறுத்த வேண்டும் என்பது உபாகமச் சட்டம். தாய் ஒருத்தியும் தந்தையர் வேறுமான இவ்விருவருள் ஏலி மகவின்றி இறந்தான். யாக்கோபு அவன் மனைவியை மணந்து யோசேப்பைப் பெற்றான். ஆகவே பிறப்பால் யாக்கோபு தந்தை, சட்டத்தால் ஏலி தந்தை என்பது அவர் விளக்கம். இதனை அறிஞர் யாவரும் ஏற்றிலர். எனினும், பிறப்பால் தந்தை, சட்டத்தால் தந்தை என இருவகையும் அச்சமுதாயத்தில் இருந்தமை இச்சட்டத்தால் விளங்கும்.

பட்டியலில் பெயர் இல்லாதார் நிலை யாது? பாபிலோனியச் சிறையிருப்பினின்று மீண்டோரை எஸ்றா நூல் கணக்கிடுகிறது. அவருள் பர்சில்லாய் மரபினர் என்போரும் இருந்தனர். அவர்தம் முன்னோன் ஓர் ஆசாரியன். பர்சில்லாயின் மகளை மணந்து, அக்குடிப் பெயரையே தனக்கும் ஏற்றவன். அவன் வழிவந்தோர் தம் வமிச ஏட்டைத் தேடினர், கிடைக்கவில்லை. அதனால் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். தூய படையலில் உண்ணும் உரிமையும் அவர்க்கு நிறுத்தப்பட்டது.

நாம் சுவையற்றதெனத் தள்ளும் பக்கத்தில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாமையும் ஒரு குடியின் வாழ்வையே முடிவு செய்தன. கொடிவழி என்பது குருதிக் கணக்கு மட்டுமன்று; அது உரிமைச் சாசனமுமாகும்.