டிராக்டருக்குக் கண்ணாடி ஜன்னல் வந்த கதை

1938-ம் வருஷம் அமெரிக்காவில் மினியாபொலிஸ்-மோலின் என்ற கம்பெனி ஒரு விசித்திரமான டிராக்டரை வெளியிட்டது. பெயர் யுடிஎல்எக்ஸ், பட்டப்பெயர் 'கம்ஃபர்ட்டிராக்டர்'. காரைப் போல மூடிய கேபின், முன்னால் கண்ணாடி, அதைத் துடைக்க வைப்பர், உள்ளே ஹீட்டர், ரேடியோ! பகலில் உழுதுவிட்டு, சாயங்காலம் அதே வண்டியில் மணிக்கு 40 மைல் வேகத்தில் டவுனுக்கும் போய் வரலாம் என்பதுதான் யோசனை.

எத்தனை வண்டி தயாரானது தெரியுமா? சுமார் 150 தான்.

விலை 2,000 டாலரை ஒட்டி இருந்தது. பொருளாதார மந்தத்திலிருந்து விவசாயிகள் அப்போதுதான் தலை தூக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சொகுசாக உட்கார்ந்தாலும் குளிரில் நடுங்கினாலும் கோதுமை அதே அளவுதான் விளையும். லாப நஷ்டக் கணக்கில் வராத ஒரு பொருளுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஆனால் குளிர் பொய்யில்லையே. மினசோட்டா, டகோட்டா, கனடாவின் சமவெளிப் பகுதிகளில் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். அந்தக் குளிரிலும் மாட்டுக்கு வைக்கோல் கொண்டுபோக வேண்டும், பாதையில் பனியைத் தள்ள வேண்டும். முதலில் வந்த வைத்தியம் கேன்வாஸ் துணி. இன்ஜினின் இரண்டு பக்கமும் அதைக் கட்டினால் இன்ஜின் சூடு டிரைவர் பக்கம் திரும்பி வரும். அதற்கு அடுத்த படிதான் வீட்டிலேயே செய்த கேபின். நாலு இரும்பு ஆங்கிள், கொஞ்சம் பிளைவுட், தகரம், எங்கிருந்தோ கழற்றிய ஜன்னல்... முடிந்தது வேலை.

இதில் தகரமும் பலகையும் சுலபம். உயிரை வாங்கியது கண்ணாடிதான். பழைய டிராக்டருக்கு ஸ்பிரிங் கிடையாது, குண்டும் குழியுமான வயலில் ஓடும்போது கேபினின் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடியை இரும்போடு இறுக்கி வைத்தால் சீக்கிரமே விரிசல் விடும். அதனால் பழைய பஸ் கண்ணாடிகளைப் போல, சுற்றிலும் ரப்பர் பட்டை கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.

எந்தக் கண்ணாடி என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வீட்டு ஜன்னல் கண்ணாடி மலிவு, வேண்டிய அளவுக்கு வெட்டலாம். உடைந்தாலோ கத்தி கத்தியாகத்தான் உடையும். காரின் பக்கக் கண்ணாடி 'டஃபன்' செய்தது, உடைந்தால் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். ஆனால் அதை வெட்டவே முடியாது, வெட்டப் போனால் மொத்தமாக நொறுங்கிவிடும். அதாவது கேபினுக்கு ஏற்ற கண்ணாடி தேடக் கூடாது, கிடைத்த கண்ணாடிக்கு ஏற்றபடி கேபினைக் கட்ட வேண்டும்! மூன்றாவது, நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனடிக்டஸ் 1909-ல் காப்புரிமை பெற்றது. தட்டையாக இருந்தால் வெட்டலாம், உடைந்தாலும் சில்லுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். மூன்றில் இதுவே சரியான தேர்வு. ஆனால் வீட்டிலேயே கேபின் செய்கிறவர் காசை மிச்சம் பிடிக்கத்தானே அந்த வேலையில் இறங்குகிறார்!

இதற்கெல்லாம் மேலே ஒரு ஆபத்து இருந்தது. டிராக்டர் கவிழும். சரிவில் பக்கவாட்டில் சாயும். மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கக் கொக்கியை உயரமாக மாட்டி இழுத்தால், முன்சக்கரம் தூக்கி ஒன்றிரண்டு நொடியில் பின்பக்கமாகப் புரளும். குளிருக்காகக் கட்டிய கேபின் டன் கணக்கான எடையைத் தாங்காது, அப்பளமாக நொறுங்கும். திறந்த டிராக்டரிலிருந்து குதித்துத் தப்பிக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு. இங்கே அதுவும் இல்லை, கூடவே கண்ணாடிச் சில்லு வேறு.

இதை முதலில் கையில் எடுத்த நாடு ஸ்வீடன். இரண்டு டன் எடையை ஊசல் போல ஆட்டிக் கேபின் மேல் மோதவிட்டுச் சோதித்தார்கள். 1959 முதல் விற்கும் புது டிராக்டர்களில் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் என்றார்கள். பிரிட்டனில் 1970-ல் இதே விதி வந்தது. வந்ததும் அடுத்த தலைவலி... இன்ஜின் சத்தம் தட்டையான கண்ணாடியிலும் தகரத்திலும் பட்டு எதிரொலிக்க, கேபின் தகர டப்பா மாதிரி அலறியது. உயிர் தப்பியது, காது போனது! 1976-ல் டிரைவர் காதருகே 90 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்று இன்னொரு விதி போட வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவே 1972-ல் ஜான் டியர் கம்பெனி 'சவுண்ட்-கார்ட்' கேபினைக் கொண்டுவந்தது. வளைந்த முன் கண்ணாடி, சத்தத்தைத் தடுக்கும் சுவர், கவிழ்ந்தாலும் தாங்கும் சட்டகம், எல்லாம் ஒன்றாக. இந்தத் தடவை விவசாயிகள் காசு கொடுத்தார்கள். 34 வருஷத்துக்கு முன்னால் மினியாபொலிஸ்-மோலின் விற்றது சொகுசை. இப்போது விலைக்கு வந்தது காதும் உயிரும்.

வீட்டில் செய்த கேபின்களில் பெரும்பாலும் ஒரே கதவுதான். வண்டி அந்தப் பக்கமே சாய்ந்து விழுந்தால் கதவு மண்ணுக்கு அடியில். 1980-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் போட்ட விதி இதையும் யோசித்தது. டிராக்டர் கேபினில் வெளியேற மூன்று வழியாவது வேண்டும், அவை வெவ்வேறு பக்கங்களில் இருக்க வேண்டும். உள்ளேயிருந்து சட்டென்று திறக்க முடிந்தால் ஜன்னலும் ஒரு வழியாகக் கணக்கில் வரும்.