கிரேட் ஓஷன் ரோட்டில் அப்பாவோடு

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் காட்ட வேண்டிய இடங்கள் என்று மெல்பர்ன் தமிழர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், பிலிப் தீவின் பெங்குவின்கள், கிரேட் ஓஷன் ரோடு. முதல் இரண்டையும் அப்பா பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்றதோடு சரி. வந்து மூன்று மாதமாகியும் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வளைவுச் சாலை என்றால் அம்மாவுக்குத் தலைசுற்றும் என்பதால் மூன்றாவதைத் தள்ளிப் போட்டிருந்தோம். ஊர் திரும்பப் பத்து நாள் இருக்கும்போதுதான் புளியோதரை, தயிர்சாதத்தோடு கிளம்பினோம்.

எங்கள் வீடு தென்கிழக்குப் புறநகரில். போர்ட் பிலிப் விரிகுடா ஒரு லாடம் போல வளைந்து கிடக்கிறது. அதைச் சுற்றி நகரம், ஜீலாங் வழியாகப் போகாமல், சொரெண்டோவில் காரோடு ஃபெர்ரியில் ஏறினால் 40 நிமிடத்தில் எதிர்க்கரை குவீன்ஸ்கிளிஃப். ஓட்டும் தூரம் மிச்சம். காரை உள்ளே நிறுத்திவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடலாம். இடப்பக்கம் தெரிவது விரிகுடாவின் வாய். குறுகலான அந்த வழியாகத்தான் ஓதநீர் முழுவதும் உள்ளே வந்து வெளியே போகிறது. நீரோட்டம் மோசமானது, பெயர் 'ரிப்'. பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகளின் தளம் குவீன்ஸ்கிளிஃப்தான். டால்ஃபின் வரும் என்று மகளிடம் சொல்லியிருந்தேன், வரவில்லை.

கிரேட் ஓஷன் ரோடு டார்க்கியில் தொடங்கி அலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். ஈஸ்டர்ன் வியூவில் மரத்தாலான நினைவு வளைவு ஒன்று சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. 1983 காட்டுத்தீயில் எரிந்து திரும்பக் கட்டப்பட்டது. அருகே மண்வெட்டியோடு தொழிலாளர் சிலை. அப்பா கீழே இறங்கிக் கல்வெட்டை வரி விடாமல் படித்தார்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்கள், மாண்ட தோழர்களின் நினைவாகப் போட்ட சாலை இது. 1919 செப்டம்பரில் வேலை தொடங்கியது. கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, தள்ளுவண்டி, இவைதான் கருவிகள். ஜீலாங் மேயராக இருந்த ஹோவர்ட் ஹிட்ச்காக் நிதி திரட்டி முன்னின்று நடத்தினார். 1932 நவம்பரில் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபோது அவர் இல்லை, மூன்று மாதம் முன்பே இறந்திருந்தார். 2011-ல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

லோர்னைத் தாண்டினால் ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் கடல். அம்மாவுக்காக ஓரிடத்தில் நிறுத்தினேன். நாங்கள் எல்லோரும் கடலைப் பார்க்க, அப்பா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைச்சரிவைப் பார்த்தார். அவர் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். வத்தலக்குண்டு - கொடைக்கானல் சாலையில் பல வருடம்.

"இந்த மலை ஏன் ரோட்டு மேல வரலை, சொல்லு."

சிவிலில் முதுகலை முடித்துவிட்டு கணினிக்குப் போனவன் நான். தாங்குசுவர் என்றேன்.

"சுவரு அப்புறம். மேலேருந்து வர்ற தண்ணிக்கு முதல்ல வழி விட்டிருக்கான் பாரு. தண்ணிதான் ரோட்டுக்கு எமன். மரம் எரிஞ்சு வேர் பிடிப்பு போச்சுன்னா அடுத்த பெருமழைக்கு மண்ணு இறங்கிடும். ரோடு போடறது பெரிசில்லப்பா, காப்பாத்தறதுதான்."

அவருக்குத் தெரியாது: 2015 கிறிஸ்துமஸ் அன்று அங்கேதான், வை ரிவர் பகுதியில், தீயில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2016 செப்டம்பர் மழையில் மண் சரிந்து சாலை மூடப்பட்டது. நான் சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார்.

"மழை பெஞ்சா இவர் வீட்டுல இருந்ததே கிடையாது" என்றார் அம்மா. ராத்திரி ஜீப் வரும் சத்தம் எனக்கும் நினைவிருக்கிறது. எங்கே போனார் என்று நான் கேட்டதில்லை.

அப்பல்லோ பேயில் இரவு தங்கி, மறுநாள் ஓட்வே காடு தாண்டிப் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போனோம். பெயர்தான் பன்னிரண்டு, இருந்தவை ஒன்பது. 2005 ஜூலையில் ஒன்று இடிந்து விழுந்தது. மென்மையான சுண்ணாம்புக்கல்லை அலை குடைந்து முதலில் குகையாகும். குகை இருபுறமும் திறந்து வளைவாகும். வளைவு விழுந்தால் தனித்தூண் மிஞ்சும், ஒருநாள் தூணும் விழும். 1990 ஜனவரியில் 'லண்டன் பிரிட்ஜ்' வளைவின் கரைப்பக்கம் இடிந்து, அப்பால் சிக்கிய இருவரை ஹெலிகாப்டர்தான் மீட்டது. "இதுக்கு யாரும் மராமத்து பண்ண முடியாது" என்று அப்பா வெகுநேரம் நின்றார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் கார் கடலோரத் தடத்திலேயே ஓடும், காட்சி முனைகளில் எதிர்த்தடத்தைக் கடக்காமல் திரும்பலாம். ஃபெர்ரி மணிக்கு ஒன்று, மாலையோடு சேவை முடிந்துவிடும், நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். அந்தி சாய்ந்தபின் கங்காருக்கள் குறுக்கே வரும். கென்னட் ரிவரில் யூகலிப்டஸ் மரங்களை அண்ணாந்து பாருங்கள், கோலா தெரியும்.

திரும்பும்போது கொலாக் வழியாக உள்நாட்டுச் சாலையைப் பிடித்தோம். அம்மாவும் மகளும் தூங்கிவிட்டார்கள். எந்தக் கொண்டை ஊசி வளைவில் எந்த வருடம் மண் சரிந்தது, எத்தனை நாளில் வழி திறந்தார்கள் என்று அப்பா மூன்று மணி நேரமும் சொல்லிக்கொண்டே வந்தார். ரேடியோவைப் போடவே இல்லை.