கண்ணுக்குத் தெரியாத தூசு

களமருதூர்ப் பக்கத்திலே நெல் தூற்றிப் பழகாத குடும்பம் ஏது? ஊர்ப் பேரிலேயே களம் இருக்கிறதே! முறத்தை உயர்த்திக் காற்றிலே விட்டால் மணி காலடியில் விழும். பதர் நாலு முழம் தள்ளி விழும். அதற்கும் அப்பால் பறக்கிற தூசு எங்கே போய் இறங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கல் உடைக்கிற இடத்திலும் இதே கணக்குத்தான்.

கிரஷர் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள், "கத்தரி இலை மேலே வெள்ளையாப் படியுதுங்க" என்பார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற கனத்த தூசு. நெஞ்சுக்குள் போய்த் தங்குவதோ தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூசு. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளந்துதான் ஆகவேண்டும் என்பதைச் சுரங்கங்கள் பல உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டன.

நமக்குப் பக்கத்திலே கோலார் தங்கவயல் இருந்தது. 1880 வாக்கில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். குழி பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிற்று. அங்கே தங்கம் இருந்தது குவார்ட்ஸ் கல்லில். வெங்கச்சங்கல் என்போமே, அதுதான். அதைத் துளைபோட்டு, வெடிவைத்து உடைக்கும்போது கிளம்புகிற சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். சிலிக்கோசிஸ் என்று பேர். இன்றுவரை அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இருமலும் மூச்சுத்திணறலும் க்ஷயரோகம் மாதிரியே இருப்பதால், க்ஷயம் என்று எழுதிவிடுவதும் சுலபம்.

நம் நாட்டில் இந்த நோய் இருக்கிறதென்று முதலில் பதிவானது 1934இல். சுரங்கம் தோண்டி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,600 பேருக்கு மேல் பரிசோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ். அந்த ஐம்பது வருஷத்தில் இருமிக்கொண்டே ஊர் திரும்பினவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் கொஞ்சம் முன்னாலேயே விழித்துக்கொண்டன. துளைபோடும்போது தண்ணீர் விட்டார்கள். புகைமாதிரி எழுந்த தூசு அடங்கிற்று. ஆனாலும் நோய் நிற்கவில்லை. 1916இல் ராபர்ட் கோட்சே என்ற சுரங்க எஞ்சினீயர் 'கோனிமீட்டர்' என்று ஒரு கைக்கருவி செய்தார். பிசின்மாதிரி வாசலைன் தடவிய கண்ணாடியில் ஒரு மடக்குக் காற்றைப் பீச்சியடிக்கும். ஒட்டிய துகளைப் பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணவேண்டும். தெளிவாய்த் தெரிந்த காற்றிலும் துகள் இருந்தது!

இப்போது எண்ணுவதில்லை, எடை போடுகிறார்கள். ஒரு பெட்டி 24 மணி நேரம் காற்றை இழுத்து வடிதாள் வழியே விடும். தாளின் எடை எவ்வளவு கூடிற்றோ அதுதான் தூசு. நம் நாட்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது. மறு வருஷமே தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பட்டது. கிரஷர் இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் தூசு 600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். குடியிருப்புப் பகுதியில், பத்து மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசு 24 மணி நேரச் சராசரியில் 100க்குள் இருக்கவேண்டும். இது 2009இல் வகுத்த அளவு.

என் அபிப்பிராயத்தில், "அளந்தாச்சு, சரியா இருக்கு" என்ற பதிலோடு திரும்பிவிடக்கூடாது. எந்தத் தேதியில் அளந்தார்கள்? அன்றைக்குக் கிரஷர் ஓடிற்றா? முந்தின ராத்திரி மழை பெய்ததா? பெட்டியைக் காற்று வரும் பக்கம் வைத்தார்களா, காற்று போகும் பக்கம் வைத்தார்களா? தூற்றத் தெரிந்தவனுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் உடனே விளங்கும். அளவை அறிக்கையின் நகலை 2005ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப்போட்டு வாங்கலாம். மனுவில் இந்த நாலு கேள்வியையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.